கூண்டுக் கம்பியைக் கடித்த உருண்டை

1. துண்டு போட்டு மூடிய கூண்டு

ஜோதி அந்தக் கூண்டை மேஜை மேல் வைத்தபோது உள்ளே கிளி இருக்கிறது என்றுதான் நினைத்தேன். துண்டை விலக்கினால், குட்டை வால் எலி மாதிரி, பொன்னிறத்தில் ஒரு ஹாம்ஸ்டர். ஆண். நல்ல கொழுகொழு உடம்பு. ஆனால் மூக்கின் மேல் முடி கொட்டி, தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. முன்பல் ஒன்று பாதியில் உடைந்திருந்தது.

கொடைக்கானல் பஜாருக்கு மேலே இருந்த அந்தத் தனியார் கால்நடை கிளினிக்கில் நான் இருபது வருஷத்துக்கும் மேல் உதவியாளராக இருந்தேன். ஊசி எடுத்துக் கொடுப்பேன், கட்டுப் போடுவேன், திமிறுகிற நாயைப் பிடித்துக்கொள்வேன். மாடு, நாய், பூனை, கோழி வரைக்கும் எங்களுக்குப் பழக்கம். ஹாம்ஸ்டர் அப்போதுதான் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தது.

ஜோதி பக்கத்து வில்பட்டி கிராமத்துக்காரி. கணவர் பாண்டி, காய்கறி லாரி ஓட்டுகிறவர். கேரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே மலை இறங்கிவிடுவார். டவுனில் வீடு காலி செய்துகொண்டு வடக்கே போன ஒரு குடும்பத்துக்குச் சாமான் ஏற்றப் போனபோது, கூட்டிப்போக முடியாது என்று இந்த ஹாம்ஸ்டரைக் கூண்டோடு அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் அதற்கு உருண்டை என்று பெயர் வைத்திருந்தார்.

டாக்டர் பல்லைப் பார்த்தார். உடைந்தது வளர்ந்துவிடும், அதுவரை மென்மையான தீனி கொடுங்கள் என்றார். மூக்குக்கு மருந்து போட்டோம். எப்படி ஆனது என்று கேட்டதற்கு, விளக்கை அணைத்ததும் கம்பியைக் கடிக்க ஆரம்பித்துவிடுகிறது, விடிய விடிய நிறுத்துவதில்லை என்று ஜோதி சொன்னாள். கம்பியில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்களாம். மிளகாய்த்தூளைக் கரைத்துப் பூசினார்களாம். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் கடித்ததாம்.

டாக்டர் அடுத்த நாயைப் பார்க்கப் போனதும் ஜோதி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, இதைக் கொண்டுபோய் யாருக்காவது குடுத்துருன்னு டாக்டர் சார் வாயால சொல்லச் சொல்லுங்க. நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு கேக்க மாட்டாரு.”

ஏன் என்று கேட்டேன். சொல்ல யோசித்தாள். பிறகு சொன்னாள். அவர்களுடையது ஒரே அறை வீடு. கம்பி கடிக்கிற சத்தத்தில் பாண்டிக்குத் தூக்கமே இல்லை. முந்தின வாரம் இறக்கத்தில் கண் அசந்து, லாரி ரோட்டோரச் சுவரை உரசிவிட்டது. சைடு கண்ணாடி போனதோடு தப்பித்தார். வீட்டுக்கு வந்து இவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

எனக்கும் அவள் கேட்பது நியாயம் என்றே பட்டது. மலைப்பாதையில் லோடு லாரி ஓட்டுகிறவருக்குத் தூக்கம் எவ்வளவு அவசியம் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டரிடம் சொல்கிறேன், வீட்டுக்காரரை ஒரு தடவை வரச்சொல் என்று அனுப்பினேன்.

2. பாண்டி வந்தார்

மறுநாள் மத்தியானம் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். நல்ல உயரம். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. டாக்டர் நாசூக்காகத்தான் ஆரம்பித்தார். உங்கள் வேலைக்கு இது சரிப்படாது, வேறு வீட்டில் விட்டால் அதற்கும் நல்லது என்றார்.

பாண்டி கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் முடித்ததும் குனிந்தபடி சொன்னார்.

“சார், நான் குடியை விட்டு ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. பகல்ல வண்டி இருக்கு, ஒண்ணும் தெரியல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கை சும்மா கெடக்கு. கால் தானா கடைப்பக்கம் போகப் பாக்குது. இது வந்ததுக்கப்புறம் இதுகிட்ட உக்காந்துருவேன். தீனி வைப்பேன், கையில ஏத்தி விளையாடுவேன். அப்படியே நேரம் போயிரும். இதை எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். நான் ஊசி கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஜோதிக்கும் இது தெரியும். தெரிந்துதான், தன் வாயால் சொல்ல முடியாமல் எங்களிடம் வந்திருக்கிறாள்.

இந்தப் பிராணி எனக்கும் புதுசு, விசாரித்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். கூடப் படித்த ஒருவர் பெங்களூரில் சின்னப் பிராணிகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கிறார். அவரைப் போனில் பிடித்து, எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

அவர் முதலில் கேட்டது கூண்டின் அளவு. பாண்டி கையால் காட்டினார். ஒரு டிபன் தட்டு அகலம். அவ்வளவுதான் விஷயம் என்றார் பெங்களூர் டாக்டர். ஹாம்ஸ்டர் ராத்திரியில் நெடுந்தூரம் ஓடுகிற பிராணி. மண்ணைத் தோண்டி வளை செய்கிற பிராணி. ஓடவும் தோண்டவும் இடமில்லாவிட்டால் வெளியே போக வழி தேடும். கையில் அகப்படுவது கம்பி மட்டும்தான், அதைக் கடிக்கும். நாளாக ஆக அது பழக்கமாகிவிடும். கடிக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார். எழுந்துபோய் ஒரு வேர்க்கடலை கொடுப்பேன், கொஞ்ச நேரம் சும்மா இருக்கும் என்றார் பாண்டி. கடித்தால் கடலை வரும் என்று அதற்கு நீங்களே சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் சிரித்தார்.

போனை வைத்த பிறகு பாண்டி கூண்டின் அளவைக் காட்டிய தன் கைகளையே பார்த்தார்.

“சோலி இல்லாமத்தான் கடிச்சிருக்கு. நானும் சோலி இல்லாமத்தானே குடிச்சேன்” என்றார்.

இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று இவரிடம் இனி எங்களால் சொல்ல முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

3. மீன் தொட்டி

டவுனில் ஒரு லாட்ஜ் வரவேற்பறையில் பெரிய கண்ணாடி மீன் தொட்டி ஒன்று தண்ணீர் கசிகிறது என்று கழித்துப் போட்டிருந்தார்கள். ஆள் படுக்கிற நீளம் இல்லை, ஆனால் ஒரு பெஞ்சு நீளம் இருக்கும். பாண்டி அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஹாம்ஸ்டருக்குக் கசிவு ஒரு குறையில்லை. கண்ணாடியில் கடிக்கக் கம்பியும் இல்லை. மேலே காற்றோட்டத்துக்கு மரச்சட்டம் கட்டி, பொடிக்கண் வலை அடித்தார்.

உள்ளே எதைப் போடுவது என்பதில் ஒரு தப்பு நடக்க இருந்தது. மர அறுவை மில்லிலிருந்து பைன் மரத்தூள் ஒரு சாக்கு கொண்டுவந்துவிட்டார். அதன் வாசனை சின்னப் பிராணிகளின் மூச்சுக்கு ஆகாது என்று பெங்களூர் டாக்டர் சொல்லியிருந்ததால், அன்று உதவிக்குப் போயிருந்த நான் தடுத்தேன். அச்சடிக்காத வெள்ளைத் தாளைக் கிழித்து, காய்ந்த புல்லோடு கலந்து, ஒரு சாணுக்கு மேல் உயரமாக அமுக்கிப் போட்டோம். தோண்டினால் சரியாமல் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. கடிப்பதற்கு மருந்தடிக்காத பேரிக்காய் மரக் குச்சி. உருண்டைக்குத் தட்டில் தீனி கிடையாது. தாளுக்குள்ளே அங்கங்கே தூவிவிட்டால் தேடித் தின்னும், அதற்கும் ஒரு வேலை.

ஓடுகிற சக்கரத்தை மதுரையிலிருந்து வாங்கி வந்தார். கம்பி போட்ட சக்கரம் வேண்டாம், கால் மாட்டும், மூடின அடிப்பாகம் உள்ளதாக, முதுகு வளையாமல் ஓடுகிற அளவுக்குப் பெரியதாக வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தோம். சரியாகத்தான் வாங்கினார். ஆனால் அது ஓடும்போது கிறீச் கிறீச்சென்று கத்தியது. ஜோதி எனக்குப் போன் செய்து, கம்பிச் சத்தம் போய் இப்போது இந்தச் சத்தம் வந்திருக்கிறது, எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். பாண்டி சக்கரத்தைக் கழற்றி உள்ளே ஒரு பேரிங் போட்டார். லாரிக்காரருக்கு அது கைவந்த வேலை. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

புது இடத்தில் விட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் சில நாள் உருண்டை மூலைமூலையாகப் போய் வாயை வைத்து, கடிக்க எதுவும் அகப்படாமல் திரும்பியது. வலையைப் பிடித்துத் தொங்கப் பார்த்தது. சத்தம் வந்தால் கிட்டப் போகவே கூடாது, கடலையும் கொடுக்கக் கூடாது என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது என்று ஜோதி சொன்னாள். போர்வைக்குள்ளே கையை மடக்கிக்கொண்டு படுத்திருப்பாராம். பிறகு ஒரு நாள் அது தாளுக்குள்ளே இறங்கியது. ஒரு மூலையில் புகுந்து இன்னொரு மூலையில் தலைகாட்டியது. கடிப்பது குறைந்து குறைந்து நின்றேவிட்டது. மூக்கில் மறுபடி முடி முளைத்தது. பாண்டியின் கண்ணைச் சுற்றியிருந்த கருப்பும் மறைந்தது. அதைத்தான் டாக்டர் குறிப்பாகச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

4. உறைபனி விழுந்த காலை

மார்கழியில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலை. கிளினிக்கைத் திறந்துகொண்டிருந்தேன். டாக்டர் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் பெரும்பாறை கிராமத்துக்குப் போயிருந்தார். ஜோதி மினி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். ஸ்வெட்டருக்குள் கையை விட்டு உருண்டையை எடுத்து என் கையில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. உருண்டு விறைத்திருந்தது. கண் மூடியிருந்தது.

“வெள்ளனே அவரு கெளம்பிப் போனப்புறம் பாத்தேன் அக்கா. அசையல. அவரு வர்றதுக்குள்ள வெரசா ஏதாச்சும் பண்ணுங்க.”

செத்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மீசை முடி ஒன்று லேசாக அசைந்த மாதிரி இருந்தது. காற்றா என்று பார்த்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் கழித்து ஒரு மூச்சு. மறுபடி வெகு நேரம். மறுபடி ஒரு மூச்சு.

ரொம்பக் குளிர்ந்தால் ஹாம்ஸ்டர் உடம்பைச் சுருக்கிச் செத்தது போலக் கிடக்கும், அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள் என்று பெங்களூர் டாக்டர் போனில் ஒரு வரி சொல்லியிருந்தார். தொட்டியைப் பின் ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி, கீழே சிமெண்டுத் தரை. குளிர் நேராக இறங்கியிருக்கிறது.

ஹீட்டரைப் போட்டேன். சுடுதண்ணீர்ப் பையைத் தடிமனான துண்டில் சுற்றி, அதன் மேல் உருண்டையை வைத்து, என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். சூடு மெதுவாகத்தான் ஏற வேண்டும். ஜோதி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது. பாண்டி. மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் டீ குடித்துக்கொண்டு பேசுகிறார். காலையில் உருண்டை தீனி தேடிச்சா என்று கேட்பது எனக்கே கேட்டது. ஜோதி என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று நான் தலையசைத்தேன்.

“தூங்குதுங்க. நீங்க பாத்து மேல வாங்க” என்றாள். போனை வைத்த பிறகுதான் அழுதாள்.

கை மரத்துப்போகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தேன். முதலில் காது நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். பிறகு கண்ணைத் திறந்து, என் விரலை முகர்ந்து பார்த்தது. சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தேன். நக்கியது. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள் என்று கேட்ட அதே ஜோதி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, டாக்டர் வந்து பார்க்கும் வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

அன்றைக்கே தொட்டியை அடுப்படிச் சுவர் ஓரமாக மாற்றினார்கள். அடியில் பலகை, மூன்று பக்கமும் சாக்கு, தாள் இன்னும் ஒரு சாண்.

5. பிறகு

ஹாம்ஸ்டருக்கு ஆயுசு இரண்டு வருஷம், மிஞ்சினால் இரண்டரை. நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால், உருண்டை தான் தோண்டிய வளையிலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தது. செய்தி கேட்டதும் எனக்குப் பாண்டியைப் பற்றித்தான் கவலை. சில நாள் கழித்து அவரே கிளினிக்குக்கு வந்தார். சட்டை துவைத்துப் போட்டிருந்தார், கண் தெளிவாக இருந்தது. கேட்காமலே சொன்னார்.

“மொத நாள் சாயங்காலம் எங்க உக்கார்றதுன்னே தெரியல அக்கா. வாசல்ல போய் நின்னேன். ஜோதி ஒரு மூட்டைப் பூண்டை முன்னால கொட்டி, உக்காந்து தோலு எடுங்கன்னா. நான் இவ்வளவு நாளா அவ ஒத்தையா உக்காந்து எடுக்கிறதைப் பாத்திருக்கேன், கூட உக்காந்ததில்ல. இப்ப தினமும் உக்கார்றோம்.”

இப்போதும் தெருவில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள், ஹாம்ஸ்டர் கம்பியைக் கடிக்கிறது, கம்பியில் என்ன தடவலாம் என்று. தடவ எதுவும் இல்லை என்பேன். எவ்வளவு பெரிய இடம், தோண்ட என்ன இருக்கிறது, ஓட என்ன இருக்கிறது, ராத்திரி முழுக்க அதற்கு என்ன வேலை, இதைத்தான் கேட்பேன். கிளினிக்கில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். பிராணியின் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் அது இருக்கிற இடத்தைப் பாருங்கள். முடிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷரையும் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள்.