கவுன்சிலர் ஆகவிருந்த கனகலிங்கம்

"ஈஸ்ட் ஹாமில கனகலிங்கத்துக்கு எதிரா ஒரு தமிழன்ர கையும் எழும்பாது!"

1986இல், கட்சி அவரை வெல்லவே முடியாத வட்டாரம் ஒன்றில் நிறுத்தி, அவரும் முறைப்படி தோற்ற மறுநாள், லண்டன் ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நோர்த் தெருக் கடையொன்றில் அரிசி மூட்டைமேல் அமர்ந்து கனகலிங்கம் செய்த பிரகடனம் இது. கேட்டவர்கள் மறுக்கவில்லை. அந்த மூட்டையை வாங்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

கவுன்சிலுக்குள் ஒரு தமிழன் போகவேண்டும். அது தானாக இருக்கவேண்டும். இரண்டும் அவருக்கு ஒரே ஆசையாகவே தெரிந்தன. அதற்காக மழையில் துண்டுப்பிரசுரம் போட்டார். இரண்டு முறை நாய் கடித்தது. இரண்டும் சொந்தக் கட்சிக்காரர் வீட்டு நாய்கள். வீடுவீடாகத் தேநீர் குடித்துத் தமிழர்களைக் கட்சிக் கிளையில் உறுப்பினராக்கினார்.

கூடவே திரிந்தவர் யோகராஜா. காரோட்டினார், குடை பிடித்தார், அண்ணையின் பேச்சுகளை மனப்பாடம் செய்தார். வீட்டுப் பிரச்சினையோடு வருபவர்களிடம் கனகலிங்கம் "பாப்பம்" என்பார். அவர்களை வாசல்வரை கொண்டுபோய்விடும் யோகராஜா, "நான் செய்து தாறன்" என்பார்.

1989இல், அடுத்த வருடத் தேர்தலுக்கு, வெல்லக்கூடிய வட்டாரம் ஒன்று வாய்த்தது. வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு யோகராஜாவே அவரைக் காரில் ஏற்றிப்போனார். கிளைத் தலைவி பியற்றிஸ் போட்டியிடுவோர் பெயர்களை வாசித்தார்: ஜெஃப்ரி, கனகலிங்கம், யோகராஜா.

"டேய், இதென்னடா?"

"சனம் கேட்டது, அண்ணை. மறுக்க ஏலாமப் போச்சு. திரும்பிப் போகேக்கையும் நானே கொண்டுபோய் விடுறன்."

கையுயர்த்தி வாக்களிப்பது கிளையின் வழக்கம். ஜெஃப்ரிக்கு முன்வரிசை வெள்ளைக்காரர்கள் உயர்த்தினார்கள். கனகலிங்கத்துக்கு எழும்பியது மனைவி தவமலரின் கை மட்டும். தன் பெயருக்குத் தானே கையுயர்த்துவது பண்பல்ல என்று அவர் சும்மா இருந்தார். அவர் சேர்த்த தமிழர்கள் கூரையின் வெடிப்புகளை ஆராய்ந்தார்கள்.

அடுத்து யோகராஜாவின் பெயர். ஒரு கையும் எழவில்லை. தமிழர்கள் அவருக்குப் போடுவதென்று பேசிவைத்து வந்தவர்கள்தான். ஆனால், அண்ணையின் முகத்துக்கு முன்னால் எப்படி? எல்லாக் கண்களும் கனகலிங்கத்தின்மேல். பியற்றிஸ் பேனாவை எடுத்தார். அவர் ஜெஃப்ரி என்று எழுதிவிட்டால், தமிழர் ஒருவர் உள்ளே போக இன்னும் நாலு வருடம்.

கனகலிங்கம் கையை உயர்த்தினார்.

"என்னப்பா செய்யிறியள்?" தவமலர் அவருடைய மற்றக் கையைப் பிடித்து இழுத்தார்.

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. கைகள் மளமளவென்று எழும்பின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பியற்றிஸ் எண்ணி முடிக்கும்வரை கையை இறக்கவுமில்லை.