அஞ்சலினா வீட்டு ஈரச் சுவர்

சம்பந்தி கிறிஸ்டின் அந்த அறைக்குள் நின்ற நேரம் மொத்தமாக ஐந்து நிமிடம்கூட வராது. அந்த ஐந்து நிமிடத்துக்காக அஞ்சலினா ஐந்து மாதம் கோபமாக இருந்தாள்.

அது வைகாசி மாதம். மகள் லோஜினிக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம். தலைப்பிள்ளை பெறுகிறவள் தாய்வீட்டுக்கு வந்து நிற்பாள் என்பது உப்புவெளியில் யாரும் கூடிப் பேசித் தீர்மானிக்கிற காரியமல்ல, அது அப்படித்தான் நடக்கும். கிறிஸ்டின் பாலையூற்றிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தது அந்த அறையைப் பார்க்கத்தான். கட்டிலுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பி, அதன் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"மச்சாள், கோவிக்காதேங்கோ," என்றாள் கிறிஸ்டின். "லோஜினிக்குச் சின்னனிலயிருந்தே மூச்சு இழுப்பு. பச்சைப் பிள்ளையோட இந்த ஈரத்துக்க எப்பிடி? ஆஸ்பத்திரியால நேரா எங்கட வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போறம்."

"ஐப்பசிக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. அதுக்குள்ள சுவர் காயும்."

"இருவது வருசமாக் காயாத சுவர், அஞ்சு மாசத்தில காயுமோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் அஞ்சலினாவுக்குத் தாங்கவில்லை. சம்பந்தி போன பிறகு அந்த வாழைப்பழத்தைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டாள்.

அஞ்சலினா யார் என்று கிறிஸ்டினுக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவள். லோஜினிக்கு ஆறு வயதில் புருசன் மஞ்சட்காமாலையில் போய்ச் சேர்ந்தான். அடுத்த மாதமே துறைமுகப் பக்கத்தில் பைபர் போட் செய்கிற பட்டறை ஒன்றில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனாள். கூட்டிக்கொண்டே பார்த்தாள். றெசின் பசைக்கு அதை இறுக வைக்கிற மருந்து எவ்வளவு கலக்கிறார்கள், கண்ணாடிநார்ப் பாயை எந்தப் பக்கமாக விரிக்கிறார்கள், காற்றுக்குமிழை எப்படி உருட்டி வெளியேற்றுகிறார்கள் என்று ஒன்றும் விடாமல் பார்த்தாள். எட்டாம் மாதம் ஒரு வேலையாள் வராத அன்று தூரிகையை எடுத்தாள். பட்டறை முதலாளி சிரித்தார். பின்னேரம் அவள் பூசிய பலகையைத் தட்டிப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. அதன்பிறகு பதினெட்டு வருடம் அவள் கையில் துடைப்பம் ஏறவே இல்லை. படித்து வந்த பெடியன்கள் அளவுக் கிண்ணம் வைத்துக் கலக்குவார்கள். அவள் மணம் பிடித்து மூக்கால் கலக்குவாள். அவள் அடிப்பாகம் பூசிய போட்டுகள் இன்றைக்கும் கடலில் ஓடுகின்றன, ஒன்றுகூட ஒழுகியதில்லை. இதைத் துறைமுகத்தில் யாரையும் கேட்கலாம்.

அப்படிப்பட்டவளிடம் போய்ச் சுவர் காயாது என்று சொல்லுவதா?

முதலில் சுவர் கட்டுகிற மேசன் ஒருவனைக் கூப்பிட்டாள். கிண்ணியாவிலிருந்து றுவைஸ் வந்தான், முப்பத்தைந்து வயதிருக்கும். சுவரைத் தட்டிப் பார்த்தான், வெளியே போய் வீட்டு வளவைச் சுற்றி ஒரு நடை நடந்தான், திரும்பி வந்து தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"இது மழைத் தண்ணி இல்ல அக்கா. கீழால ஏறுது. இதுக்கு மேல எதையும் பூசி மூடாதீங்க. மூடினா..."

"மூடாமல் திறந்து வைச்சா ஈரம் போகும் எண்டு ஆர் சொன்னது? தம்பி, நான் கடலுக்க நிக்கிற சாமானுக்கே தண்ணி புகாமப் பூசினவள்."

"போட் வேற அக்கா..."

"நீ மேசன் வேலைக்கு வந்து எத்தினை வருசம்?"

"பன்னெண்டு."

"எனக்குப் பதினெட்டு."

றுவைஸ் அரைவாசிக் கோப்பையோடு எழுந்து போய்விட்டான். தன் சுவரைத் தானே பார்க்க மாட்டாளா என்று அஞ்சலினா அன்றைக்கே தீர்மானித்தாள்.

போட்டில் என்ன செய்வார்கள்? தண்ணீர் வெளியில் இருக்கிறது, உள்ளே வரப் பார்க்கிறது. ஆகவே வெளிப்பக்கம் பூசி அடைக்க வேண்டும். வீட்டுக்கும் அதுதானே. பட்டறையில் தெரிந்தவர்களிடம் மிஞ்சிய றெசினும் பாயும் வாங்கி வந்தாள். வெளிச்சுவரை வீடு முழுக்கச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு உரஞ்சினாள். கச்சான் காற்று நெருப்பாக வீசிய ஆனி மாதத்தில் இரண்டு அடுக்குப் பாய் விரித்து, றெசின் ஊற்றி, உருட்டி உருட்டிப் பூசினாள். அறுபத்தோரு வயதில் தனியாளாகப் பதினொரு நாள். முடிந்தபோது வீட்டின் அடிப்பாகம் புதுப் போட் மாதிரி மினுங்கியது. அயலட்டை வந்து பார்த்தது.

"அன்ரி, இனி வெள்ளம் வந்தா வீடு மிதக்கும் போல," என்றான் ஒருவன்.

"மிதக்கும். நீ அப்ப வந்து ஏறக் கேட்பாய். ஏத்தமாட்டன்."

லோஜினிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். லோஜினி ஏற்கனவே ஏதோ வீடியோ ஒன்று அனுப்பியிருந்தாள், யாரோ ஒரு ஆள் சுவரைச் சுரண்டிக் காட்டுகிற வீடியோ. "அம்மா, அதைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"பாத்தனான். அவன்ர வீட்டுப் பக்கத்தில கடல் இருக்கோ? இல்லையெல்லோ. அவனுக்கு என்ன தெரியும்?"

ஆடி மாதம் நடுவில் ஒரு காலை கட்டிலை இழுத்துவிட்டுக் கூட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முழங்காலோடு நின்ற ஈரம் இடுப்பைத் தாண்டியிருந்தது. இரண்டு கிழமையில் தோளைத் தொட்டது. உள்சுவர்ப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக வீங்கியது. விரலால் அழுத்தினால் உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது.

அன்றைக்கு அவளுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டும். முதலில் றெசின் கொடுத்தவனைத் திட்டினாள், பழசைத் தந்துவிட்டான் என்று. பிறகு வீடு கட்டியவர்களைத் திட்டினாள். சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்த வீடு அது, அந்தக் கொந்தராத்துக்காரனின் முகம்கூட அவளுக்கு நினைவில்லை, இருந்தும் அவனை மூன்று தலைமுறைக்குத் திட்டினாள். திட்டி முடித்து வாசற்படியில் உட்கார்ந்தபோது, மிஞ்சியது ஒரு ஆள்தான். அந்த ஆளைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

வாய் வராவிட்டால் கை வேலை செய்யும், அது அஞ்சலினாவின் பழக்கம். ஒரு பொலித்தீன் தாளை உள்சுவரில் நாலு பக்கமும் ஒட்டு நாடாவால் ஒட்டினாள். பட்டறையில் பழைய மரப் போட் திருத்த வந்தால் மரம் காய்ந்ததா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். மறுநாள் தாளின் அறைப்பக்கம் காய்ந்திருந்தது. சுவர்ப்பக்கம் துளித்துளியாக வியர்த்திருந்தது. அப்படியென்றால் தண்ணீர் ஏற்கனவே சுவருக்குள் இருக்கிறது. வெளியே போக இருந்த வழியை அவள் றெசினால் அடைத்துவிட்டாள், அது மேலே ஏறியிருக்கிறது. மேசன் முடிக்க விடாமல் அவள் வெட்டிய பேச்சு அதுதான்.

ஆனால் எங்கேயிருந்து ஏறுகிறது? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சுவரோரமாகக் கோபத்தோடு வெட்டினாள். ஒரு சாண் போனது, சுவர்ப்பூச்சு முடியவில்லை. ஒன்றரைச் சாண் போனது. அதற்குக் கீழேதான் அத்திவாரக் கல் தெரிந்தது. கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் கறுப்பாகத் தார் பூசிய ஒரு பட்டை ஓடியது. மண்ணின் ஈரம் கல்லைத் தாண்டிச் சுவரில் ஏறாமல் மறிக்கத்தான் அந்தத் தார். முகம் தெரியாத அந்தக் கொந்தராத்துக்காரன் அதைச் சரியாகத்தான் போட்டிருந்தான். இப்போது தாருக்கு மேலே ஒன்றரைச் சாண் மண் கிடந்தது.

அந்த மண்ணைப் போட்டது யார்? ஒவ்வொரு மாரிக்கும் வளவில் தண்ணீர் நிற்கிறது என்று, உழவு இயந்திரத்தில் கடல்மணல் கொண்டுவந்து கொட்டி, தானே நிரவி, "இந்த ஒழுங்கையில என்ர வளவுதான் உயரம்" என்று இருபது வருடமாக மார்தட்டியது அஞ்சலினாதான். உப்பு மணலைச் சுவரில் அணைத்து வைத்து, அந்தச் சுவரையே ஏசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெட்டிய கிடங்குக்குள் நின்றபடி அந்தக் கறுப்புக் கோட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒருவரும் கேட்காமலே தன்னைப் பார்த்து உரக்கத் திட்டினாள்: "விசரி."

அடுத்த நாள் பஸ் ஏறிப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனாள். றுவைஸ் ஒரு வீட்டு மதில் கட்டிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்கவா போனாள்? அவளா?

"தம்பி, ஒரு விசயம் சொல்ல வந்தா அதை வடிவாச் சொல்லி முடிச்சிட்டுப் போகத் தெரியாதோ?"

றுவைஸ் சாந்தகப்பையைக் கீழே வைத்தான். "சொல்ல உட்டீங்களா அக்கா?"

"நீ ஆம்பிளை. கத்திச் சொல்லியிருக்கோணும்."

"உங்களுக்கு மேலால கத்த எனக்கு ஏலாது." அவன் சிரிப்பை அடக்கினான். "போட் தண்ணிக்கு மேல நிக்கிது அக்கா. வீடு மண்ணுக்குள்ள காலை வெச்சி நிக்கிது. அதுக்கு மூச்சு உட வழி வேணும்."

"அது எனக்குத் தெரியும். நான் தோண்டிப் பாத்திட்டன். தார் ஒண்டரைச் சாண் கீழ கிடக்கு."

"அப்ப வேலை முடிஞ்சிதே. நான் வந்து..."

"நீ வரவேண்டாம். சுண்ணாம்புக்கு மணல் எத்தினை பங்கு எண்டதை மட்டும் சொல்லு."

"மூணு. சீமெந்து ஒரு பிடிகூடப் போடாதீங்க. கடல் மணலும் வேணாம், ஆத்து மணல்."

"கடல் மணலெண்டு நீ எனக்குச் சொல்லத் தேவையில்லை," என்று சீறிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

பூசியது பதினொரு நாள். பெயர்த்தது இருபத்துநாலு நாள். நன்றாகப் பூசியவள் என்பதால் நன்றாக ஒட்டியிருந்தது. உளியால் ஒவ்வொரு விரற்கடையாக நெம்ப வேண்டியிருந்தது. கண்ணாடிநார்த் தூசி கை முழுக்க ஏறி இரவில் சொறிந்தது. தன் கைத்திறமையைத் தானே சபித்துக்கொண்டு பெயர்த்தாள். உள்ளே தோளுயரத்துக்கு ஊறிப்போன பூச்சை உடைத்துக் கல்லைத் திறந்துவிட்டாள். வெளியே வீட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு, தார் தெரியும்வரை மண்ணை வெட்டியள்ளி வாய்க்காலாக்கினாள்.

மண்ணை வெட்டினால் மாரியில் தண்ணீர் அங்கேதானே வந்து நிற்கும்? அதற்குத்தான் அவளுக்குப் பட்டறை கைகொடுத்தது. போட்டில் நீர்மட்டக் கோடு போட, உள்ளே தண்ணீர் மட்டம் தெரிகிற குழாயைப் பிடிப்பார்கள். அதே குழாயை வைத்து, வாய்க்காலின் அடி ஒழுங்கைப் பக்கமாக ஒரே சீராகச் சரிகிறதா என்று பாகம் பாகமாகப் பார்த்துச் சல்லிக்கல் கொட்டினாள். றுவைஸுக்கு அப்படி வந்திருக்காது. அது அஞ்சலினாவின் வேலை.

ஆவணி முடிந்தும் கச்சான் அடித்தது. கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கல்லைக் காயவிட்டாள். புரட்டாதி நடுவில் சுண்ணாம்புச் சாந்து பூசினாள், முதலில் பூசியது விழுந்தது, திட்டிவிட்டுச் சுவரை நனைத்து மறுபடி பூசினாள், நின்றது.

ஆனால் அறையின் கிணற்றடிப் பக்க மூலை மட்டும் காயவில்லை. ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பாகவே நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் லோஜினியிடமிருந்து செய்தி வந்தது. மாமி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவா, அறையைப் பார்த்துத்தான் முடிவு.

அலுமாரிக்குப் பின்னால் ஒரு வாளி பெயின்ற் இருந்தது, நல்ல விலையான சாமான், ஒரு பூச்சில் எந்தக் கறையையும் மறைக்கும். சனிக்கிழமை மத்தியானம் அஞ்சலினா அதன் மூடியைத் திறந்தாள். தூரிகையை நனைத்தாள். பத்து நிமிட வேலை. கிறிஸ்டினின் வாயை அடைக்கலாம். மகள் இங்கேயே நிற்பாள். ஆனால் மார்கழியில் அந்த மூலை ஈரம் பெயின்றுக்குப் பின்னால் ஊறி மேலே ஏறும். அப்போது கட்டிலில் படுத்திருப்பது யார்?

மூடியைச் சுத்தியலால் அடித்து மூடினாள். அப்படி அடித்தாள், வாளி சப்பளிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டின் வந்தாள், லோஜினி எட்டு மாத வயிற்றோடு ஆட்டோவில் வந்தாள், மருமகன் சுகந்தன் வெளியே மோட்டார் சைக்கிளோடு நின்றான். அஞ்சலினா கதிரை போடுவதற்கு முன்பே அவர்களை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

"மூண்டு சுவர் காய்ஞ்சிட்டுது. இந்த மூலை காயேல்ல. மாரிக்குள்ள காயாது, அடுத்த கச்சானுக்குத்தான் காயும். கட்டிலை அங்கால போட்டிருக்கிறன். இதில பெயின்ற் அடிச்சு உங்களை ஏமாத்த எனக்குத் தெரியும், அடிக்கேல்ல."

"பாத்தியா பிள்ளை," என்று கிறிஸ்டின் லோஜினியிடம் திரும்பினாள். "அவவே சொல்லுறா காயேல்ல எண்டு. இனி என்ன கதை?"

லோஜினி அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு தாயின் கைகளைப் பார்த்தாள், முழங்கைவரை சொறிந்து சிவந்து தோலுரிந்திருந்த கைகளை.

"மாமி," என்றாள் மெதுவாக, "அங்க எங்கட அறையில எங்கெங்க ஈரம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. இஞ்ச எனக்குத் தெரியும். நான் இஞ்ச நிக்கிறன்."

கிறிஸ்டினின் முகம் விழுந்தது. "எங்கட வீட்டில ஈரமோ?"

"சொன்னனே, எனக்குத் தெரியாது."

தேத்தண்ணி வைக்கும்வரை கிறிஸ்டின் நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது, "மூச்சு இழுத்தா உடன கொண்டாங்கோ," என்று மட்டும் சொன்னாள். குரலில் கோபம் இருந்தது, அதற்கடியில் பயமும் இருந்தது. அஞ்சலினாவுக்கு அது கேட்டது. முதல்தடவையாக அவள் மறுத்துக் கதைக்கவில்லை.

"ஓம் மச்சாள். கொண்டாறன்."

உள்ளே வந்தால் லோஜினி கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள், தலை அந்த மூலைப் பக்கம்.

"உனக்கு மூளை இருக்கோ?" என்றாள் அஞ்சலினா. "நாலு மாசம் என்ர கை தேய்ஞ்சது நீ அந்தப் பக்கம் தலை வைக்கவோ? எழும்பு. இஞ்சால திரும்பிப் படு."