பல்லில் கடித்த பட்டாபட்டி

ஹாலித்துக்கு மூக்குதான் சாபம். பாலக்கரையில் தன் வீட்டு மாடியில் நின்றபடியே, காந்தி மார்க்கெட்டில் எந்தக் கடை வெங்காயம் அழுகியிருக்கிறது என்று சொல்லிவிடுவான். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அவன் மனைவி தஸ்லிமாவைக் கேட்கலாம். மீன் வாங்கிய நாளில் அவள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்த பிறகுதான் மாடியிலிருந்து இறங்குவான்.

அப்பேர்ப்பட்டவனுக்குத் துபாயில் வாய்த்த வேலை, உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடியில் புறா எச்சம் துடைப்பது. விடுமுறையில் வந்தவனிடம் ஒருநாள் தஸ்லிமா சொன்னாள்: "போன்லயே குடும்பம் நடத்துனது போதும். இன்னொரு தடவை ஃப்ளைட் ஏறுனீங்கன்னா, அங்கேயே இருந்துக்கங்க."

ஏறவில்லை. தெரிந்தது கயிறு ஒன்றுதான். அதை வைத்து, துறையூர் தாண்டிப் பச்சைமலையில் ஓர் அருவியில் ஞாயிறுதோறும் ஆட்களை ஏற்றத் தொடங்கினான். அருவியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே பிளாஸ்டிக் தட்டோடு போய் நிற்பீர்கள்.

அங்கே ஏற்கெனவே போனவர்கள் செய்து வைத்த லட்சணத்தைக் கேளுங்கள். பாறையெல்லாம் ஷாம்பு பாக்கெட் அட்டைப்பூச்சியாக ஒட்டிக்கிடக்கும். இடுக்கில் பிரியாணி எலும்பு, அதன்மேல் எறும்பு. குழந்தையின் டயப்பர் ஒன்று ஊறி ஊறிப் பூசணிக்காய் அளவு பருத்து, அதன்மேல் ஒரு தவளை குடியிருந்ததாம். குட்டிகளையும் பார்த்ததாக நான் மட்டும்தான் சொல்கிறேன்.

அந்த டயப்பர்தான் ஒருநாள் மிதந்துபோய், கீழே உள்ள ஊரின் குடிதண்ணீர்க் குழாய் வாயை அடைத்துக்கொண்டது. ஊர் மகளிர் குழுத் தலைவி வள்ளிக்கண்ணு அதை ஒரு குச்சியில் மாட்டி, ஹாலித்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது உங்க ஆளுங்க போட்டதா, வேற எவனோ போட்டதா, எனக்குத் தெரியாது தம்பி. நாங்க குடிக்கிற தண்ணி இது. இன்னொரு தடவை ஏதாவது வந்துச்சுன்னா, கயித்தைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிடுங்க."

கிளம்பினால் மறுபடி துபாய்தான், புறாதான். அன்றிலிருந்து ஹாலித் சட்டம் போட்டான். மேலே கொண்டுபோனது அத்தனையும் கீழே வரவேண்டும். ஏறுவதற்கு முன் பையைச் சோதித்து சோப்பு, எண்ணெய், சிப்ஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவான். உச்சியில் அவன் கூட்டாளி விக்டர் கயிற்றைப் பிடித்துக்கொள்வான். பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை, ஞாயிறு லீவு. ஹாலித் எல்லோருக்கும் கடைசியாக, இடுக்கில் கிடக்கும் கண்றாவிகளை மூக்கைச் சுளித்துப் பொறுக்கிக்கொண்டே ஏறுவான்.

போன ஐப்பசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜெயக்குமார் என்ற பெயிண்ட் கடைக்காரர் வந்தார். பையைத் தானாகவே திறந்து காட்டினார். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். ஹாலித்துக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பையில் இல்லாதது இடுப்பில் இருந்தது. அவருக்குச் சனி நடக்கிறதாம். ஒரு வாரம் துவைக்காமல் உடுத்திய துணியை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டால் தோஷம் போய்விடும் என்றிருக்கிறார் ஜோசியர். எல்லோரும் அம்மா மண்டபத்துப் படித்துறையில் விடுவார்கள். இவருக்கு அது போதாதாம். "உங்க சனி பலமான சனி. காவிரி வேகம் பத்தாது. மலைலேர்ந்து விழுற தண்ணியா பாருங்க" என்று அனுப்பிவிட்டார். எனவே பேன்ட்டுக்குள்ளே பட்டாபட்டி டிராயர். ஒரு வாரம் என்றுதான் அவர் சொன்னார். அதன் நிறத்தைப் பார்த்தால் ஒரு வருஷம் என்பேன்.

உச்சிக்குப் போனதும் பாறை மறைவில் கழற்றினார், அருவியில் விட்டார், கும்பிட்டார். விக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றில் கவனமாக இருந்தான்.

நட்டநடு அருவியில் ஹாலித். வலதுகை கயிற்றில், இடதுகை பாறையில். மேலிருந்து வந்தது 'சொத்'தென்று முகத்தில் அப்பியது.

திருச்சியிலேயே சுத்தமான மூக்கு அது. அதற்குள் ஜெயக்குமாரின் ஒரு வாரமும் புகுந்தது. புளித்த மாவும் செத்த எலியும் சேர்ந்த வாடை என்று பிற்பாடு சொன்னான். சொல்லும்போதே எழுந்து வெளியே போய்விட்டான். தலையை ஒரு உதறு உதறினால் போதும், சனியன் விட்டது. ஆனால் கீழே குழாய் வாய். அதன் பக்கத்தில் வள்ளிக்கண்ணு நின்றுகொண்டிருந்தாள். துணி கன்னத்திலிருந்து வழுக்கத் தொடங்கியது. கையை எடுத்தால் விழுவான்.

வாயைத் திறந்தான். கவ்வினான்.

மிச்ச ஏற்றம் முழுக்கப் பட்டாபட்டியின் சாறு தொண்டைக்குள் இறங்கியது. அந்நேரம் அருவியே முகம் சுளித்து ஒரு முழம் விலகி விழுந்தது என்று யாராவது சொன்னால் நம்புவேன்.

மேலே வந்து குப்பைப் பையில் துப்பினான், மறுபடி துப்பினான்.

"யாருது இது?"

ஜெயக்குமார் பின்வாங்கினார். "பாய், அதை என்கிட்ட நீட்டாதீங்க. விட்டதைத் திரும்பத் தொட்டா தோஷம் மறுபடி ஒட்டிக்கும்."

"அப்ப கவ்விக்கிட்டு வந்த எனக்கு?"

"உங்களுக்கு ராசி நட்சத்திரம் எல்லாம் கிடையாதே பாய்."

விக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாப்ள, அவர் இங்கேயே இருக்கட்டும். சனிக்கும் துணை வேணும்ல" என்றான்.

"கொண்டு வந்ததை எடுத்துக்காதவருக்குக் கயிறு கிடையாது" என்றான் ஹாலித். இறங்க வேறு வழியும் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் இறங்கி முடித்த பின், ஜெயக்குமார் இரண்டு விரலால் அந்தத் துணியை எடுத்துத் தன் பையில் போட்டார். இறங்கும்போது அவர் பக்கத்தில் போக ஹாலித்துக்கும் பிடிக்கவில்லை, அவருக்கே பிடிக்கவில்லை.

கீழே வள்ளிக்கண்ணு காத்திருந்தாள். அத்தனை தண்ணீர் கொட்டியும் ஹாலித் ஒரு வாய் கொப்பளிக்கவில்லை; கொப்பளித்தால் அதுவும் குழாய்க்குத்தானே போகும். உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தவனைக் கண்டதும் அவள் முகம் கோணியது.

"பார்த்துட்டுத்தான் தம்பி இருந்தேன். கருமம், கருமம். அதை எப்படித்தான் வாயில வச்சீங்களோ."

"குழாய்க்கு வந்துருமேன்னுதான்க்கா."

ஒரு செம்புத் தண்ணீரும் வேப்பங்குச்சியும் கொண்டுவந்து நீட்டினாள். சரிவுக்குக் கீழே கை காட்டினாள்.

"அந்தா, என் மரவள்ளிக் கொல்லை. அங்க போய்த் துப்புங்க, தண்ணிப் பக்கம் வராம. அடுத்த ஞாயித்துக்கிழமை வரும்போது பையை மட்டும் பார்க்காதீங்க, இடுப்பையும் பாருங்க."

அடுத்த ஞாயிறும் போனான், இன்றும் போகிறான். தை மாதம், அவன் துப்பிய அந்தக் கொல்லையில் மரவள்ளி ஆள் உயரத்துக்குக் கிழங்கு வைத்தது. வள்ளிக்கண்ணு ஒரு மூட்டை கொடுத்தனுப்பினாள். ஹாலித் அதை வாசல் தாண்ட விடவில்லை. பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவித்துப் பார்த்தேன், எனக்கும் இறங்கவில்லை.