நாலு எலுமிச்சம்பழமும் நானும்

லாரி செய்கிற கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். என்ன வேலை என்று மட்டும் கேட்காதீர்கள். டிரைவர் சீட்டுக்கு மேலுறைத் துணி வாங்கும் பிரிவு. எந்தத் துணி எவ்வளவு வெயில் தாங்கும் என்று சொல்வேன். லாரி எப்படி ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும். ஆனால் ஊரூர் குப்பத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் தம்பதிக்கு நான் ‘லாரி கம்பெனி சார்’. அந்தப் பட்டத்தை மறுத்ததே இல்லை. நல்ல வஞ்சிரம் முதலில் எனக்கு வருமே.

போன மாதம் மீன்காரர் எலெக்ட்ரிக் குட்டி யானை வாங்கினார். சின்ன லோடு வண்டிக்கு ஊரே வைத்த பெயர் அது. அவர் மனைவிக்குத்தான் பிடிக்கவில்லை.

“சத்தமே வரல சார். சந்துல புள்ளைங்க தவழ்ந்துகினு கீது. பின்னால வண்டி வந்தா யாருக்குத் தெரியும்? இத்த உள்ள வுடமாட்டேன்.”

சந்துக்குள் விடாவிட்டால் வீட்டில் சார்ஜ் போட முடியாது. சார்ஜ் இல்லாவிட்டால் மீன் ஏற்றப் போக முடியாது. மீன்காரர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“கம்பெனியில இருந்தவன் சொல்றேம்மா. இதையெல்லாம் யோசிக்காமலா வண்டி செய்வாங்க? தைரியமா விடு.”

அந்தம்மா அரை மனதாகத் தலையாட்டினார்.

அந்த வாக்குக்குப் பரிசாக, பூஜையன்று எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றும் கௌரவம் எனக்கு. சந்து முனையில், வலைக் குவியலுக்குப் பக்கத்தில் வண்டி. நாலு டயருக்கும் நாலு பழம். எதிரே அந்தம்மா ஒரு கையில் மணியோடு கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“சாவி, கியர் எல்லாம் போட்டாச்சு சார். பெடலை லேசா தொடுங்க, போதும்,” என்று மீன்காரர் இறங்கிக்கொண்டார்.

சாவி திருப்பியிருந்தது. உறுமலைக் காணோம், அதிர்வைக் காணோம். இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்தேன். பழைய டீசல் வண்டியை டிரைவர்கள் மிதித்து எழுப்புவதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி ஒரு மிதி மிதித்தேன்.

பழம் நசுங்கிய சத்தம்தான் கேட்டது. தட்டு பறந்தது. அந்தம்மாவைக் காணவில்லை. எந்தக் கால் பிரேக்கை மிதித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வண்டி நின்றபோது என் கைகள் ஸ்டியரிங்கை விட மறுத்தன. பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

வலைக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார், கையில் இன்னும் மணியோடு. பம்பருக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே ஒரு வஞ்சிரம் படுக்கலாம். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கணவரைத்தான் பார்த்தார்.

“பாத்தியா. சொல்லிகினே இருந்தேனே. கண்ணு முன்னாடி வருது, காதுக்குத் தெரியல.”

நான் இறங்கினேன்.

அந்தம்மா எழுந்து புடவையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டினார். மணியை என் கையில் வைத்தார்.

“வண்டி உள்ள வரட்டும். நீ முன்னால நட சார். அடிச்சிகினே போ. பாக்குறேன்.”

நடந்தேன். பின்னால் மீன்காரர் ஆமையாக ஓட்டி வந்தார். மணியை விடாமல் அடித்தேன். வாசல்களில் கிடந்த குழந்தைகளைத் தாய்மார்கள் அள்ளிக்கொண்டார்கள். மீன் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

“இன்னா சார், கம்பெனில உனக்கு இதான் வேலையா?”

“இல்லம்மா,” என்றேன். “சீட்டுத் துணி.”

சொல்லிவிட்டு, வண்டி எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது என்று மறுபடி திரும்பிப் பார்த்தேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லையே.