முறிந்தது கை, கேட்டது மலம்

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கலாம், நன்கொடை கேட்கலாம். நான் கேட்டது மலம். முகத்தில் கதவு சாத்தப்பட்டவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும். வயிற்றுக்குள் வாழும் பாக்டீரியாவுக்கும் எலும்புத் தேய்மானத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் குழுவில் நான் களப்பணியாளர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் மாதிரி வாங்கி, ஐஸ் பெட்டியில் அரியலூர் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் நாள்

உடையார்பாளையம் செல்வி அக்கா முந்திரி உடைப்பவர். சும்மா வழுக்கி உட்கார்ந்ததற்கே மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு இருந்தார். விவரம் சொல்லி டப்பாவை நீட்டினேன். வாங்கியவர் அதை என் பையிலேயே திருப்பிப் போட்டார்.

"ஒடைஞ்சது கையி. நீ எங்கம்மா வந்து பாக்குற?"

மறுவாரம்

விடுவதாக இல்லை. மறுபடி போனேன்.

"பாலு எப்படிக்கா தயிராவுது?"

"ஒறை ஊத்துனா."

"அந்த ஒறையில இருக்கிற மாதிரி உசுருங்க நம்ம வயித்துலயும் கோடிக்கணக்குல இருக்கு. எலும்பு தேயறதுல அதுங்களுக்கும் பங்கு இருக்கான்னுதான் பாக்குறாங்க."

"குடுத்தா என் எலும்பு பலமாயிருமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. "ஆவாதுக்கா. இது மருந்தில்ல. இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது" என்றேன்.

"தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீதான். டப்பாவ வெச்சிட்டுப் போ."

பஸ்ஸில்

மறுநாள் அக்கா தந்த டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து ஏறினேன். மீன் கொண்டுபோகிறேனா என்று கேட்டார் கண்டக்டர். ஆஸ்பத்திரி சாமான் என்றேன். விடவில்லை, திறக்கச் சொன்னார். உண்மையைச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள்.

"ஒரு டிக்கெட்டுக்கு மூணு சீட்ட புடிச்சிட்டீங்களேம்மா!" என்றார் கண்டக்டர்.

மூன்று மாதம் கழித்து

அத்தனை பாடுபட்டும் அக்காவின் மல மாதிரி ஆய்வுக்கு உதவவில்லை. பல்வலிக்காக அக்கா ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அது வயிற்றிலுள்ள பாக்டீரியாவையும் கொல்லும். கேட்டிருக்க வேண்டியது நான், கேட்கவில்லை. வேறு ஆளைப் பார் என்றார்கள் ஆபீஸில். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாத்திரையின் பாதிப்பு போக மூன்று மாதம் காத்திருந்து, திட்டு வாங்கத் தயாராகவே போனேன்.

அக்கா கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியிருந்தார். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி, மறுபடி கேட்டேன். கூட முந்திரி உடைத்துக்கொண்டிருந்த, அக்கா வயதொத்த நாலு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அவர்கள் பக்கம் திரும்பினார்.

"என்னடி சிரிப்பு? நாளைக்கு ஒங்க எலும்பும் ஒடையும். ஆளுக்கொரு டப்பா வாங்குங்கடி!"

இப்போதெல்லாம் என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு யாரும் சாப்பிட்டுப் போகச் சொல்வதில்லை.