சரிவு முழுக்க வாய் மூடியிருந்த காலை

மலைமேல் திருப்புலி நாடு என்ற ஊர்த்தொகுதியில் சுமித்ராவின் வீடு இருக்கும் சரிவில் டவர் கிடைக்காது. செல்போனைக் கூரைமேல் வைத்தாலும் கிடைக்காது, கையெடுத்துக் கும்பிட்டாலும் கிடைக்காது. வீட்டுக்கு மேலே ஏறிப்போனால் ஒரு பாறைமேடு. அங்கே மட்டும்தான் எடுக்கும். கம்ப்யூட்டர் படித்த பெண், வேலைக்கான நேர்காணலைக் குடை விரித்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்துதான் கொடுத்தாக வேண்டும். என்ன செய்வது, தலையெழுத்து.

நேர்காணல் என்றால் ஊர் எது, படிப்பு எது என்று கேட்பார்கள் என்றுதான் அவளும் முதலில் நினைத்திருந்தாள். அவர்கள் கேட்டதோ எழுத்துப் புதிர். ஒரு வார்த்தையைக் கொடுத்து, கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் போடு என்பார்கள். இரண்டு வார்த்தைகளைக் கொடுத்து, ஒன்றைக் கலைத்து அடுக்கினால் மற்றது வருமா என்பார்கள். அவர்கள் கண்முன்னாலேயே அதற்குப் புரோகிராம் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபின் எவனும் வார்த்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் கம்பெனிக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் அப்படியொரு ருசி!

"எழுத்தத் திருப்பிப் போட்டா சம்பளமா கண்ணு?" என்று அவள் அம்மா அத்தாயி சிரிப்பாள். "நானும் குச்சிக்கெழங்க வெயில்ல திருப்பித் திருப்பிப் போடறேன், எனக்கு ஆரு குடுக்கறா?"

அப்பா சின்னையன் கேரளாவில் தோட்ட வேலையில் இருந்தார், நோம்பி, திருவிழா என்றால்தான் வருவார். அதனால் வீட்டு மிளகுக்கொடிக்கு ஏணி போட்டு ஏறுவதும் அத்தாயிதான். சுமித்ரா உதவிக்கு வந்தால் விரட்டிவிடுவாள். "நீ போயி அந்தப் புதிரப் போடு சாமி."

சுமித்ராவும் போட்டாள். மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போதும் போட்டாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் போட்டாள். காலம்தான் காத்திருக்கவில்லை. கல்லூரி முடித்து இரண்டு வருடம் தாண்டினால் பல கம்பெனிகள் பெயரைக்கூடப் பார்க்காமல் தள்ளிவிடும். அந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை கிடைக்கவில்லையென்றால் அடிவாரத்து நூல் மில்தான். அங்கே போன பெண்கள் இருமிக்கொண்டே திரும்பி வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். 

அந்தச் சரிவில் ஒரு வழக்கம் உண்டு. வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால் யாராவது "ஓவ்" என்று கூப்பிட்டால், கேட்டவர் "ஓவ்" என்று பதில் கொடுத்தே ஆக வேண்டும். பதில் வராவிட்டால் மரத்திலிருந்து விழுந்துவிட்டாரோ, பாம்பு தொட்டதோ என்று போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். பேசப் பழகும்போதே பிள்ளைகள் பழகிவிடுவது இது. யோசித்துச் செய்வதல்ல.

தை மாதம் வந்த நேர்காணலில் அதுதான் வினையாகிப் போனது. ஒரு நீளமான எழுத்து வரிசையில், எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத மிகப் பெரிய துண்டு எது என்று கேட்டார்கள். சுமித்ராவுக்குத் தெரிந்த கணக்கு. பாதி எழுதியிருப்பாள், கீழிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சுமீ... ஓவ்!"

"ஓவ்! வாரேன்!" என்று கழுத்தைத் திருப்பிக் கத்திவிட்டாள்.

"பக்கத்துல யாரும்மா இருக்காங்க?" என்றார் திரையில் இருந்தவர்.

"யாரும் இல்லீங்க சார். அம்மா கீழ இருக்காங்க."

"கேமராவைத் திருப்பிக் காட்டுங்க."

காட்டினாள். பலாமரமும் மூடுபனியும்தான் தெரிந்தன. அம்மா எங்கே தெரிவாள்? மனிதர் மரியாதையாக நன்றி சொல்லி முடித்துக்கொண்டார். வெளியாள் உதவி என்று சந்தேகப்பட்டு நிராகரிப்பதாக மறுநாள் மெயில் வந்தது.

"உன் வாயாலதாம்மா போச்சு!" என்று சுமித்ரா ஆங்காரமாகக் கத்தினாள். களி ஆறுகிறதே என்றுதான் அன்றைக்கு அத்தாயி கூப்பிட்டிருந்தாள். இப்போது சட்டியை மூடி வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். சொன்ன மறுகணமே மகளுக்கு உறுத்தத்தான் செய்தது, ஆனால் அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வீம்பு விடவில்லை.

மாசியில் இன்னொரு கம்பெனி கூப்பிட்டது. கெடுவுக்குள் வரக்கூடிய கடைசி அழைப்பு. முந்தின நாள் சாயங்காலம் அத்தாயி வீடு வீடாகப் போனாள். "எம் புள்ள நாளைக்குப் பாறமேல பேசுது. ஆரும் கூப்புடாதீங்க சாமி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"கூப்புடமாட்டோம் ஆத்தா. எங்கூட்டு நாயக்கூட அந்தாண்ட கூட்டிட்டுப் போயிர்றேன்," என்றார் பக்கத்து வீட்டு அர்த்தனாரி. சொன்னபடியே கூட்டிப்போனார்.

காலையில் சரிவே வாய் மூடிக் கிடந்தது. இந்த முறை கேள்வி கேட்டது ஒரு பெண். திரும்ப வராத முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னாள். சுமித்ரா எழுதினாள். புரோகிராமின் வேகத்தைக் கூட்டச் சொன்னாள். அதையும் எழுதினாள். நடுவே கீழே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. காது அந்தப் பக்கம் போகப் பார்த்தது. கூப்பிடும் குரல் ஏதும் வராததால் திரையிலேயே கண்ணை வைத்துக்கொண்டாள். மேலும் இரண்டு புதிர்கள். கடைசியில் அந்தப் பெண், "நல்லா பண்ணீங்க சுமித்ரா. மத்தத மெயில்ல சொல்றோம்," என்று சிரித்தாள்.

லேப்டாப்பை மூடியதும் சுமித்ராவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா... ஓவ்!" என்று கத்திக்கொண்டே இறங்கினாள்.

பதில் இல்லை.

"ஓவ்!"

இல்லை. பிறந்ததிலிருந்து அம்மா பதில் கொடுக்காமல் இருந்ததில்லை. குடை எங்கே விழுந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, ஓடினாள்.

மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் மூங்கில் ஏணி இரண்டாக முறிந்து கிடந்தது. பச்சை மிளகு மண்ணெல்லாம் சிதறியிருந்தது. அதன் நடுவே அத்தாயி ஒருக்களித்துக் கிடந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. முகமெல்லாம் வேர்வை. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அம்மா! கத்தியிருக்கலாமில்ல? நான் கூப்பிட்டப்பவாவது ஓவ்னு சொல்லக் கூடாதா?"

அத்தாயி தலைப்பை எடுக்கவில்லை. மகளின் கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், செல்போன் எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். பிறகுதான் துணியை மெல்ல விலக்கி, காதோடு கேட்டாள்.

"இப்பப் பேசலாமா கண்ணு?"