காற்றை மோப்பம் பிடிக்கிறவர்

காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிய மாதிரி இரண்டு கையிலும் ஒரு சாமானை ஏந்திக்கொண்டு, பிரிட்ஜ் மெக்கானிக் சுவரோரமாக நகர்கிறார். தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு, அதில் விரல் நுனி அகலத்துக்குத் திரை, ரப்பர் பேண்டு போட்ட பேட்டரி. ஒரு நல்ல குடையை விட விலை கம்மி. வீட்டு வைஃபையில் எந்தக் கருவி எவ்வளவு பேசுகிறது என்பதைக் காற்றிலேயே பிடித்துக் காட்டும். கிட்டே போனால் எண் ஏறும். தெருவில் அவருக்குப் பெயர் மோப்பம்.

"ஒட்டுக் கேக்கறீங்களா?" என்று கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "தபால்காரன் மாதிரி கவரை மட்டும்தான் பாக்கறேன். எவ்ளோ தடி, எந்தப் பக்கமிருந்து வருது, அவ்ளோதான். பிரிக்கவும் முடியாது, பிரிக்கிற புத்தியும் எனக்கில்ல."

மனைவி வீட்டிலிருந்தே வீடியோவில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு வாரமாக மத்தியான வகுப்பு பாதியில் உறைந்துபோகிறது. "நேத்தே ரெண்டு பிள்ளைங்க நின்னுடுச்சு. இன்னிக்கும் அறுந்தா மிச்சமும் போயிடும். ஊரெல்லாம் மோந்து பாக்கறீங்க, நம்ம வீட்டையும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். ஏதோ ஒரு கருவி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் கால் வைத்ததும் எண் எகிறியது. போதாதா? நேரே போய் மாடி வீட்டு டெய்லரின் கதவைத் தட்டிவிட்டார்.

"எங்க வைஃபைய உறிஞ்சறது நீதானேப்பா?"

டெய்லர் வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுத் தன் போனை நீட்டினார். பட்டன் போன். "இதுல எப்படி உறிஞ்சறதுன்னு சொல்லிக் குடுண்ணே, நானும் கத்துக்கறேன்."

அசடு வழிய இறங்கும்போதுதான் உறைத்தது. படிக்கு நேர் கீழே மாமனார் அறை.

கதவைத் தள்ளினார். மாமனார் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலையணையில் சாய்த்த போனில் வீடியோ கால். அந்தப் பக்கம் அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர், அவரும் குறட்டை. சாப்பிட்டதும் பேச ஆரம்பித்து, பேச்சுத் தீர்ந்தும் வைக்க மனசில்லாமல் அப்படியே தூங்கிவிட்டார்கள். இரண்டு கிழவர்களின் குறட்டையைச் சுமந்து சுமந்துதான் வைஃபைக்கு நாக்குத் தள்ளியிருக்கிறது.

போனில் பேட்டரி சிவப்பைத் தொட்டிருந்தது. கொஞ்ச நேரம் விட்டால் தானாக அணைந்துவிடும். வகுப்பும் பிழைத்துவிடும்.

"ஆள் கிடைச்சுதா?" என்றாள் மனைவி ஹாலிலிருந்து.

"தேடிட்டிருக்கேன். அதுவரைக்கும் என் போன் நெட்ல கிளாஸ் எடு."

தன் போனைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த சார்ஜர் வயரை இழுத்து, சத்தம் வராமல் மாமனாரின் போனில் சொருகினார்.